14416 மனநலத் தொலைபேசிச் சேவை: வேலைக்குப் போகும் ஆணுக்கு எதுவரை உதவுகிறது?

இந்த மதிப்புரை 14416 என்ற எண்ணைப் பற்றியது. மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தின்கீழ் 2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்ட கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை இது. அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனை 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நம் மாநிலத்துக்குக் கொண்டுவந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் தேசிய அளவில் வழிநடத்தும் இந்தச் சேவையை 20 மொழிகளில், இரவு பகல் எந்நேரமும் பயன்படுத்தலாம்; 1800 891 4416 என்ற நீண்ட எண்ணும் இதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். இவையெல்லாம் விளம்பரத்திலேயே கிடைக்கும் விவரங்கள். நான் அறிய விரும்பியது வேறொன்று. மனது சரியில்லை என்று வாய்திறந்து சொல்லிப் பழகாத, நாற்பது வயதைத் தாண்டிய, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைக்குமேல் நிற்கும் ஓர் ஆணுக்கு இந்தச் சேவை உண்மையிலேயே கைகொடுக்கிறதா, கொடுத்தால் எதுவரை கொடுக்கிறது என்பதே அது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் நான் என் சொந்தத் தேவைக்காகவே இதை அழைத்தேன். பிறகு உடன் வேலை செய்யும் சிலருக்கும் எண்ணைக் கொடுத்து, அவர்களுடைய அனுபவத்தையும் கேட்டுக்கொண்டேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொலைபேசிப் பகுதி நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக இருக்கிறது. தொலைபேசியை வைத்த பிறகு போக வேண்டிய வழிதான், வேலைக்குப் போகும் ஆணின் ஒரு நாளோடு ஒத்துவரவில்லை.

ஆண்களை மட்டும் தனியே பிரித்துப் பேசுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால் காரணம் விளங்கும். அந்த ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். அதாவது பத்தில் ஏழு பேருக்கு மேல். இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தினக்கூலிகள். 19,834 மரணங்களோடு தமிழ்நாடு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் நின்றது. பெண்களின் துயரம் இதற்குக் குறைந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பேசுவதற்கு வேறு கட்டுரை வேண்டும். நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் 85 சதவீதத்தினர் எந்தச் சிகிச்சைக்கும் வரவில்லை என்று கண்டது. எனவே ஆண்களுக்கான ஒரு சேவையை எடைபோடும்போது, அங்கே எத்தனை படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, வராத ஆளை வரவழைக்க அது என்ன செய்கிறது, வந்தவரை எப்படி நிறுத்திவைக்கிறது என்பதையே பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆணுக்கு மனது கெட்டால் அது முதலில் வயிற்றில்தான் தெரியும். கேஸ் பிராப்ளம் என்பார். நெஞ்சை அடைக்கிறது என்று போய் ஈசிஜி எடுப்பார். அது சுத்தமாக வரும். உடம்பு அசதியாக இருக்கிறதென்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதன்பின் தூக்கமே இல்லை என்பதை டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்வார். சின்ன விஷயத்துக்கெல்லாம் டைலரிடம் எரிந்து விழுவார், வீட்டில் குழந்தை சத்தம் போட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், சனிக்கிழமை மட்டும் என்றிருந்த குவார்ட்டர் தினசரி ஆகிவிடும். இவற்றில் எதையும் அவர் துக்கம் என்று சொல்லமாட்டார். அழுகையும் சோகமும் மட்டுமே மனச்சோர்வு என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. எரிச்சல், உடல்வலி, குடி, அளவுக்கு மீறிய வேலை ஆகியவற்றின் பின்னால் ஆண்களின் மனச்சோர்வு ஒளிந்துகொள்ளும் என்பதை மனநல மருத்துவர்கள் நீண்ட காலமாகவே சொல்லிவருகிறார்கள். எனக்கும் வந்தது தூக்கமின்மைதான். ஷிப்மென்ட் தள்ளிப்போய், சரக்கை வாங்கும் பையரிடமிருந்து விலையில் தள்ளுபடி கேட்டு மெயில் வந்த மாதத்தில் தொடங்கியது; அந்த விவகாரம் தீர்ந்த பிறகும் போகவில்லை.

அழைப்பு எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் தயங்குபவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். நான் பேசியது இரவு பத்து மணிக்கு மேல், ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் போன பின், பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு. பதிவு செய்யப்பட்ட குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தமிழுக்கான எண்ணை அழுத்தியதும் நம் மாநிலத்தில் உள்ள ஆலோசகருக்கு இணைப்பு போகிறது. சிறிது நேரக் காத்திருப்புக்குப் பின் ஒரு பெண் குரல், "சொல்லுங்க சார், என்ன பண்ணுது?" என்றது. "தூக்கம் வரமாட்டேங்குதுங்க" என்றேன். வேறெதுவும் சொல்ல அப்போது தோன்றவில்லை, அவரும் வேறெதுவும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, விழித்ததும் முதலில் மனதில் ஓடுவது எது, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், டீ எத்தனை, குடிப்பழக்கம் உண்டா என்று தூக்கத்தை ஒட்டியே கேட்டுக்கொண்டு போனார். பெயரைச் சொல்லத் தயங்கியபோது வற்புறுத்தவில்லை. விழித்ததும் மனதில் ஓடுவது கடன் கணக்கு என்று நான் சொன்ன இடத்திலிருந்துதான் பேச்சு உண்மையில் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

இந்தப் பொறுமைதான் இந்தச் சேவையின் முதல் சிறப்பு. ஓர் ஆண் எந்த வாசலில் வந்து நிற்கிறாரோ அந்த வாசலிலேயே அவரை வரவேற்பது எளிதான வேலை அன்று. "உங்கள் உணர்வுகளைச் சொல்லுங்கள்" என்று அவர் தொடங்கியிருந்தால் நான் இணைப்பைத் துண்டித்திருக்கக்கூடும். என்னிடம் எண்ணை வாங்கிய கட்டிங் மாஸ்டர் ஒருவர் வயிற்று எரிச்சலைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினாராம். அவரையும் இது உங்களுக்கான இடமில்லை என்று திருப்பி அனுப்பவில்லை.

இரண்டாவது சிறப்பு, கேட்க வேண்டிய கேள்வியைச் சுற்றிவளைக்காமல் கேட்டது. பேச்சின் நடுவில், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "இருக்கறதுக்கு செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா சார்?" என்றார். நம் வீடுகளில் இப்படிக் கேட்டுவிட்டால், வாயை மூடு, நல்ல வார்த்தை பேசு என்பார்கள். கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் எதையும் காணவில்லை. நேரடியாகக் கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆசுவாசமே அடைகிறார்கள். நான் சொன்ன பதிலைக் கேட்டு அவர் பதறவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஏதேனும் திட்டம் உண்டா, இன்றிரவு வீட்டில் யார் உடன் இருப்பார்கள், அவர்களில் யாரிடம் இதைச் சொல்ல முடியும் என்று அடுத்தடுத்துக் கேட்டார். மனைவியிடம் சொல்ல முடியாது என்றபோது, அண்ணன் தம்பி, மச்சான், கூட வேலை செய்கிறவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் என் பழைய பார்ட்னர் பெயரில் வந்து நின்றோம். மறுநாள் அவரிடம் பேசுவதென்று என்னிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் அடுத்த விஷயத்துக்குப் போனார். சொன்னபடி சில நாட்கள் கழித்து அவர்களே திரும்ப அழைத்து, பேசினீர்களா என்று விசாரித்ததையும் குறிப்பிட வேண்டும்.

மாத்திரையைத் தொலைபேசியில் ஆலோசகர் எழுதிக்கொடுக்கமாட்டார். சேவையின் அமைப்பே இரண்டு அடுக்குகளைக் கொண்டது. முதல் அடுக்கில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும், தேவைப்பட்டால் அவர்கள் இணைத்துவிடும் மனநல நிபுணர்களும் இருக்கிறார்கள். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலையில், இரண்டாவது அடுக்காக மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களுக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மத்திய அரசின் இ-சஞ்சீவனி காணொளி மருத்துவ ஆலோசனைக்கோ அனுப்புவார்கள். 2024 அக்டோபரில் கைப்பேசிச் செயலியும் வெளியிட்டிருக்கிறார்கள். நான் எட்டிப் பார்த்ததோடு சரி, என்னைப் போன்றவர்களுக்கு எண்ணை அழுத்துவதே எளிது.

தமிழ்நாட்டில் தொலைபேசி வழியே ஆதரவு தரும் வேலைக்கு 14416 முன்னோடி அன்று. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பு, தன்னார்வலர்களைக் கொண்டே இத்தனை ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. அங்கே அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, காதுகொடுத்துக் கேட்பார்கள். யாரிடமாவது கொட்டிவிட்டால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் சிநேகாவையே சொல்வேன். தூக்கம், குடி, பதற்றம் என்று சிகிச்சையை நோக்கி நகர வேண்டியவருக்கு, அரசு மருத்துவமனையோடு தொடர்பு வைத்திருக்கும் 14416 பொருத்தமானது.

இதற்கு முன்பே, நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, ஊரில் ஒரு தனியார் கவுன்சிலிங் மையத்துக்கும் போயிருந்தேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, மீன் தொட்டி, சுவரில் ஊக்கம் தரும் வாசகங்கள். ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "நீங்க ஆம்பளை சார், நீங்களே இப்படி உடைஞ்சு போனா வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று எதிரில் இருந்தவர் கேட்டார். நான் அத்தனை மாதங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த அதே வசனத்தைப் பணம் கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. பிறகு தள்ளுபடி விலையில் பத்து அமர்வுகள் கொண்ட பேக்கேஜ் ஒன்றை விவரித்தார். தனியார் இடங்கள் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். மிக நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுத உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் அதற்குரிய பட்டம் பெற்று இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டியவர். கவுன்சிலர், லைஃப் கோச் என்ற பலகைகளுக்கு இத்தகைய கட்டாயம் எதுவும் நடைமுறையில் இல்லாததால், பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. துணி வாங்குவதற்கு முன் அதன் எடைக் கணக்கான ஜிஎஸ்எம் கேட்கிற ஊர்தானே நம்முடையது.

14416இல் சொன்னபடி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். என் குறைகள் தொடங்குவது இங்கே. எந்த மருத்துவமனை என்பதும் இங்கே முக்கியமில்லை, ஏனெனில் நண்பர்கள் வேறு ஊர்களில் கண்டதும் கிட்டத்தட்ட இதேதான். புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எந்தப் பிரிவு என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன். "என்ன, மனநலமா?" என்று அவர் உரக்கத் திருப்பிக் கேட்டதில் எனக்கு முன்னும் பின்னும் நின்ற ஐந்தாறு தலைகள் திரும்பின. அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, காது சரியாகக் கேட்காமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பின்னால் நின்றது என்னிடம் வேலை செய்யும் ஆளாக இருந்திருந்தால் நான் சீட்டு வாங்காமலே திரும்பியிருப்பேன். பிரிவுகளுக்கு எண் கொடுத்து, எட்டாம் நம்பர் என்று சொல்ல வைத்தால் இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதையும் மறக்கக் கூடாது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் வேர்கொண்டது, நாட்டின் மிகப் பழைய மனநல நிறுவனங்களில் ஒன்று. ஆனால் நாமெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அந்த ஊர்ப் பெயரை வசைச்சொல்லாகத்தான் கற்றுக்கொண்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்த செய்தியைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. மனநலம் என்றதும் சங்கிலியும் கம்பிக்கதவும் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

உள்ளே நடந்ததோ நேர்மாறு. மர பெஞ்சில் நீண்ட நேரம் காத்திருந்த பின் கிடைத்த சில நிமிடங்களில் அந்த இளம் மருத்துவர் தேவையான அனைத்தையும் கேட்டுவிட்டார். தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்தார், ஏனெனில் அவற்றின் கோளாறும் இதே போன்ற அசதியைத் தரும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரையை எழுதிவிட்டு, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள் என்றார். முதல் சில நாட்களுக்குக் குமட்டல் இருக்கலாம் என்றார். பிறகு, உடனிருந்த செவிலியர் வெளியே போகும்வரை காத்திருந்து, தாம்பத்திய ஆர்வம் குறையக்கூடும், அப்படி ஆனால் நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம் என்றார். இந்தக் கடைசிச் செய்தியின் மதிப்பு பலருக்குத் தெரியாது. ஆண்கள் இந்த மாத்திரைகளைப் பாதியில் நிறுத்துவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள், திடீரென்று நிறுத்தியதால் தலைசுற்றலும் பதற்றமும் வந்து, மருந்துதான் தன்னைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லும் மருத்துவர் கிடைப்பது பெரிய விஷயம். மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு இலவசமாகவே கொடுத்தார்கள்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதே தேசியக் கணக்கெடுப்பு, மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் 86 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் காட்டியது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 14416இல் குடியைப் பற்றிப் பேசலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. என்னிடம் எண்ணை வாங்கிய அயர்னிங் மாஸ்டர் ஒருவர், சபரிமலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்திவிடப் போவதாக ஆலோசகரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தினமும் எவ்வளவு, காலையில் கை நடுங்குமா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று அவரைத் தடுத்திருக்கிறார்கள். இது மிகச் சரியான ஆலோசனை. ஆண்டுக்கணக்கில் தினசரி குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ மனக்குழப்பமோ வரலாம், அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவமனையில் சில நாட்கள் தங்கி மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பானது. நல்ல காரியம் என்று நினைத்து வீட்டாரே ஆளை அறையில் பூட்டிவைக்கும் ஊரில் இந்தத் தகவல் சுவரொட்டியாக ஒட்டப்பட வேண்டியது.

சுவரொட்டி என்றதும் அடுத்த குறை. இந்த எண்ணின் விளம்பரத்தை நான் கல்லூரி வளாகத்திலும் அரசு மருத்துவமனைச் சுவரிலும்தான் பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்குத் தேவைதான். ஆனால் நாற்பது வயது ஆண் அங்கே எதற்குப் போகப்போகிறார்? அவர் நிற்கும் இடங்கள் பேக்கரி, லாரி புக்கிங் ஆபீஸ், சலூன், தினக்கூலிகள் விடிகாலையில் வேலைக்குக் காத்திருக்கும் முக்கு, டாஸ்மாக் வாசல். அங்கெல்லாம் "மன அழுத்தமா?" என்று கேட்கும் பலகையை வைப்பதைவிட, "ராத்திரி தூக்கம் வரவில்லையா? நெஞ்சு படபடக்கிறதா? 14416" என்று எழுதிவைத்தால் பத்து மடங்கு அழைப்புகள் வரும் என்று நான் பந்தயம் கட்டுவேன். வீட்டுப் பெண்களும் இந்த எண்ணை அழைக்கலாம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். கணவரையோ மகனையோ எப்படி மருத்துவரிடம் அழைத்துப் போவது என்று கேட்டு அழைப்பவருக்கும் அவர்கள் வழி சொல்கிறார்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. மருத்துவக் காப்பீட்டிலும் மனநோய்க்கு உடல்நோய்க்கு நிகரான இடம் தரவேண்டும் என்பது அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆயினும் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவுக்கே பணம் தருவதால், மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கும் செலவு நம் கையிலிருந்துதான் போகும். அதனால்தான் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு இவ்வளவு முக்கியமாகிறது.

அந்தப் புறநோயாளிப் பிரிவு காலையில் மட்டுமே இயங்குகிறது என்பதுதான் என்னுடைய மிகப் பெரிய குறை. காலை எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கும் ஊரில், மருத்துவரைப் பார்க்க ஒருவர் அரை நாள் சம்பளத்தை விட வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைப்பவர் என்றால் தன் லைனில் தன் இடத்தையே இன்னொருவருக்கு விட்டுவிட்டு வர வேண்டும். எதற்கு லீவு என்ற கேள்விக்குப் பொய்யான பதிலையும் தயாரிக்க வேண்டும். முதல் முறை பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவார். மாத்திரை தீர்ந்து மறுமுறை வரவேண்டிய நேரத்தில் ஆர்டர் நெருக்கடி வந்திருக்கும், உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கும், அதோடு விட்டுவிடுவார். எண்ணைக் கொடுத்தவர்களில் பாதி வழியில் நின்றுபோனவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் இதுதான். மருத்துவரையோ மருந்தையோ யாரும் குறை சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கும் எடுத்துப் பேசும் ஒரு சேவை, பகல் பன்னிரண்டு மணிக்குள் வா என்று சொல்லும் ஓர் அலுவலகத்திடம் ஆளை ஒப்படைக்கிறது.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், தொலைபேசி ஆலோசனைக்கு நாலரை கொடுப்பேன். மீதி அரை, மறுமுறை அழைத்தபோது வேறொருவர் எடுத்து, கதையின் ஒரு பகுதியைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததற்காக. நேரில் காட்டும் சிகிச்சையின் தரத்துக்கு நாலு, அதை அடைவதற்குள்ள வழிக்கு இரண்டு. வாரத்தில் ஒரே ஒரு மாலை, ஆறரையிலிருந்து ஒன்பதுவரை, மனநலம் என்ற பலகை இல்லாமல் பொது மருத்துவத்தோடு சேர்த்து ஒரு நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு மனநல மருத்துவரை உட்காரவைத்தால் அந்த இரண்டு நாலாகிவிடும். செவ்வாயோ புதனோ வைக்கலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். சம்பள நாள், ஒருவரும் வரமாட்டார்கள்.